செரோவேயில் விட்டுவந்த பிள்ளை

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஆனந்தமேரி டீச்சரும் நானும் ஆறு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். முதல் இரண்டு வருடம் அவருக்கு ஒரே பையன் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம் அவர் அப்படித்தான் சொல்வார். பிறகு ஒருநாள் உண்மையைச் சொன்னார். அதன்பின் மதியச் சாப்பாட்டு வேளைகளில், கொஞ்சம் கொஞ்சமாக, மற்றதையும் சொன்னார். அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் கணவர் ஞானராஜ், சேவுகம்பட்டிக்காரர். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார். போட்ஸ்வானா நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கணக்கு ஆசிரியர்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்து எழுதிப்போட்டார். மெட்ராஸில் நேர்முகத் தேர்வு நடந்தது. 1997 ஜனவரியில் கிளம்பச் சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டில் ஒருவருக்கும் அந்த நாட்டின் பெயர் வாயில் நுழையவில்லை. ஞானராஜ் பள்ளிக்கூட அட்லஸை விரித்து, தென்னாப்பிரிக்காவுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். அவருடைய அக்கா சவேரியம்மாள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க கோயில் இருக்காப்பா?"

"இருக்குக்கா. நம்ம சபைக் கோயிலே இருக்கு."

"அப்ப போயிட்டு வாங்க."

கணவனும் மனைவியும் நான்கு வயது பிரான்சிஸைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கிய ஊரின் பெயர் செரோவே. சிவப்பு மண், முள்மரம், வேலியோரம் மேயும் ஆடுகள். ஆனந்தமேரிக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியதுபோல இருந்ததாம். பயம் பாதி அங்கேயே போய்விட்டது என்றார். பள்ளி வளாகத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு கொடுத்தார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி இருந்தார். பெயர் மா தாபோ. தாபோ அவருடைய மூத்த மகன். அங்கே ஒரு பெண்ணை அவள் தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் காலையிலேயே வேலியோரம் நின்று அவர் இவரை 'மா பிரான்சிஸ்' என்று கூப்பிட்டார். "நம்ம ஊர்ல இன்னார் அம்மான்னு சொல்றதில்லையா டீச்சர், அதேதான். எனக்கு அது புதுசாவே தெரியல" என்றார் ஆனந்தமேரி.

வாழ்க்கை சீக்கிரம் பழகிப்போனது. குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது. இரவு முழுவதும் வெந்நீர் பாய்லரை ஒட்டிப் பாத்திரத்தை வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திவிடுவார். துவரம்பருப்பு கடைவீதியில் குஜராத்திக்காரர் கடையில் கிடைத்தது. சாம்பாரை மா தாபோ 'மஞ்சள் சூப்' என்பார். முதலில் முகம் சுளித்தவர், பிறகு சனிக்கிழமை தவறாமல் ஒரு கிண்ணத்தோடு வேலியோரம் வந்து நின்றார். பிரான்சிஸ் மூன்றே மாதத்தில் அந்த ஊர்ப் பாஷையைப் பிடித்துக்கொண்டான். கடைக்குப் போனால் ஐந்து வயதுப் பிள்ளைதான் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளன். அம்மா தப்பாகச் சொன்னால் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பான்.

1998 பிப்ரவரியில் இரண்டாவது குழந்தை பிறந்தது. பெண். வினோலியா என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மா தாபோ அவளுக்குத் தன் பங்குக்கு நலேதி என்று ஒரு பெயர் வைத்தார். அவர்கள் பாஷையில் நட்சத்திரம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் ஆனந்தமேரிக்கு அங்கே ஒரு சின்னப் பள்ளியில் வேலை கிடைத்தது. காலையில் குழந்தையை மா தாபோவிடம் விட்டுவிட்டுப் போவார். மா தாபோ ஒரு கனத்த துண்டால் அவளை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு துணி துவைப்பார், மாவு பிசைவார், ஆட்டுக்குத் தழை போடுவார். வினோலியாவின் முதல் தூக்கங்களெல்லாம் அந்த முதுகில்தான்.

பேச ஆரம்பித்தபோது அவளுக்கு மூன்று பாஷையும் ஒன்றாக வந்தது. தண்ணீருக்கு 'மெட்ஸி', சோற்றுக்குச் சோறு, செருப்புக்கு ஷூஸ். முதுகில் ஏற்றிக்கொள் என்பதற்கு அந்த ஊரில் 'பெப்பா' என்பார்கள். அவளுக்குத் தமிழில் 'தூக்கு' என்று சொல்லவே வராது. கையைத் தூக்கிக்கொண்டு வந்து "பெப்பா, அம்மா, பெப்பா" என்பாள். இடுப்பில் வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள். முதுகில்தான் போட வேண்டும். கடைசியில் ஆனந்தமேரியும் மா தாபோவிடம் துண்டு கட்டக் கற்றுக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகி, முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ரசம் தாளிக்கிற அவரை ஞானராஜ் ஒரு போட்டோ எடுத்தார். ஊரில் சிரிப்பார்கள் என்று அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை. எனக்குக் காட்டினார். பிள்ளையின் முகம் பாதி துண்டுக்குள். ஒரு கண் மட்டும் கேமராவைப் பார்க்கிறது.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோக டிக்கெட் தருவார்கள். 1999 டிசம்பரில் வர வேண்டியது. கிளம்புகிற வாரம் பிரான்சிஸுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மையோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அவனுக்குத் தண்ணீர் ஊற்றி எழுப்புவதற்குள் விடுமுறையும் முடிந்துபோனது. அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் போய்க்கொள்ளலாம் என்று விட்டார்கள். சவேரியம்மாள் போனில், "ரெண்டு வயசாகப் போகுது, இன்னும் புள்ள மூஞ்சியப் பாக்கலயே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

2000 ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த வாரம், காரை எடுத்துக்கொண்டு வடக்கே யானை பார்க்கப் போனார்கள். அந்த வருடம் அங்கெல்லாம் அடைமழை. வடக்கே மலேரியா இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போடுகிற மாத்திரை உண்டு. போகும் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்து நான்கு வாரம் வரை போட வேண்டும். மாத்திரை கடும் கசப்பு. பிரான்சிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிடுவான். வினோலியாவுக்கு உடைத்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால், பழத்தை விழுங்கிவிட்டு மருந்தைத் துப்புவாள்.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. யானையைப் பார்த்ததைவிட, ஆற்றங்கரையில் காரின் மேல் குரங்கு ஏறி உட்கார்ந்ததுதான் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். வீட்டுக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வினோலியா பாதியைத் துப்பினாள். ஆனந்தமேரி துடைத்துப் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, ஜாமில் குழைத்துக் கொடுத்தும் வாயையே திறக்கவில்லை. பூசைக்கு நேரமாகிவிட்டது. பிள்ளை அழுது அழுது இருமத் தொடங்கினாள். வாசலில் கார் சாவியோடு நின்ற ஞானராஜ் சொன்னார்.

"விடு மேரி. வீட்டுக்கு வந்து ஒரு வாரமாச்சு. இனிமே என்ன வந்துரப்போகுது. புள்ளய ஏன் அம்புட்டு அழுக வைக்குற?"

ஆனந்தமேரி விட்டுவிட்டார்.

அந்த வியாழக்கிழமை பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. ஊரெல்லாம் சளி. மா தாபோ வீட்டிலும் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைக்குக் கண் செருகியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த கையோடு மருந்து ஏற்றினார்கள். டாக்டர் ஞானராஜை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மலேரியா மூளைக்குப் போய்விட்டது என்றார். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள், ஒரு குறை சொல்ல முடியாது என்று ஆனந்தமேரி என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை, மே பதின்மூன்றாம் தேதி. காலை பத்து மணி வாக்கில் பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். "பெப்பா" என்றாள். கையில் ஊசியும் குழாயும் மாட்டியிருந்தது. "செத்த நேரம் பொறு பாப்பா, ஊசிய எடுத்ததும் அம்மா தூக்கிக்கிடுறேன்" என்றார் ஆனந்தமேரி. ஞானராஜ் பிரான்சிஸைக் கூட்டிவரப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஊசியாவது ஒண்ணாவது, பிச்சு எறிஞ்சுட்டுத் தூக்கியிருக்கணும் டீச்சர்" என்றார் என்னிடம். அன்று அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடியே இருந்தது. மணி அடித்ததும் மூடி எடுத்துக்கொண்டு போனார்.

ஞானராஜின் தம்பி ஊரிலிருந்து போனில் பேசினார். "அண்ணே, இங்க கொண்டாந்துருங்க. அப்பா பக்கத்துல வச்சிருவோம்."

"மூணு பிளேன் மாறணும்டா. அம்புட்டு தூரம் அதப் பெட்டிக்குள்ள தனியாப் போட்டு எப்பிடிடா கொண்டாருவேன்?"

"சரிண்ணே" என்றார் தம்பி.

அந்த ஊர் வழக்கப்படி அடக்கம் அடுத்த சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அதுவரை தினமும் சாயங்காலம் வீட்டு முற்றத்தில் ஜெபம். மூன்று வருடமாகப் பெயர்கூடத் தெரியாமல் இருந்த தெருக்காரர்களெல்லாம் வந்தார்கள். நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். மா தாபோ வீட்டுப் பெண்கள் முற்றத்தில் பெரிய இரும்புச் சட்டி வைத்துச் சமைத்தார்கள். ஆனந்தமேரியை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. சனிக்கிழமை பொழுது விடிந்தும் விடியாமலும் கல்லறைக்குப் போனார்கள். ஞானராஜின் மாணவர்கள் பள்ளிச் சீருடையில் வரிசையாக வந்து நின்றார்கள். குழியை மூடுவதற்குக் கூலிக்காரர் கிடையாது. ஆண்களெல்லாம் மண்வெட்டியைக் கை மாற்றி மாற்றித் தாங்களே மூடினார்கள். ஒரு வெட்டு மண் ஞானராஜும் போட்டார். பெட்டியை இறக்கும் முன் மா தாபோ குனிந்து, பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோலவே பெட்டியைத் தட்டினார். "ரொபாலா, நலேதி" என்றார். தூங்கு என்று அர்த்தம்.

அங்கே கல்லறைகளுக்கு மேலே இரும்புக் குழாயில் பந்தல்போலச் சட்டம் நட்டுப் பச்சை வலையால் மூடிவிடுவார்கள். வெயில் படாமலிருக்கத்தான். ஞானராஜ் பட்டறையில் சொல்லிச் சின்னதாக ஒன்று செய்துகொண்டு வந்து நட்டார்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அங்கே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கல்லறை. பிரான்சிஸ் வலை நிழலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். ஆனந்தமேரி புல் பிடுங்குவார். ஞானராஜ் சட்டத்தின் முடிச்சுகளை இறுக்கிக் கட்டுவார். இரண்டு பேரும் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். மாத்திரையைப் பற்றியோ மூச்சே விடவில்லை.

2003-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த நாட்டுப் பிள்ளைகளே படித்து வாத்தியாராக வந்துவிட்டார்கள். "அது நியாயந்தான, அவுங்க ஊரு" என்றார் ஞானராஜ். கிளம்புகிற அன்று கல்லறைக்குப் போனபோது பிரான்சிஸ் கேட்டான்.

"அப்பா, நம்ம போயிட்டா பாப்பா தனியா இருக்கும்ல?"

ஞானராஜ் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கூட வந்திருந்த மா தாபோதான், பாஷை புரியாவிட்டாலும், பையனின் தோளில் கை வைத்து, "நான் இருக்கிறேன். நீங்கள் போங்கள்" என்றார்.

திண்டுக்கல் வந்து சேர்ந்தார்கள். மேட்டுப்பட்டியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். பார்க்க வந்த சவேரியம்மாள் ஆனந்தமேரியைக் கட்டிக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்.

"மனச விட்றாத மேரி. ஒரு புள்ளையோட போனீக, ஒரு புள்ளையோட நல்லபடியா வந்து சேந்துட்டீக. ஆண்டவர் கைவிடல."

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். "சரி மதினி" என்றுவிட்டு உள்ளே போன ஆனந்தமேரி, களைந்து வைத்திருந்த அரிசியை மறுபடியும் களைந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தார். அந்தப் பிள்ளையை இங்கே யாரும் தூக்கியதில்லை, அதன் குரலைக் கேட்டதில்லை. அவர்கள் கணக்கில் அது வரவும் இல்லை, போகவும் இல்லை. அன்றோடு யாராவது கேட்டால் ஒரே பையன் என்று சொல்லிவிடுவதென்று வைத்துக்கொண்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, குடும்பமாகச் சேவுகம்பட்டிக்குப் போவார்கள். ஞானராஜின் அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சுற்றிலும் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் தங்கள் கல்லறையைச் சூழ்ந்து நிற்கும். ஆனந்தமேரி ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்கிப் பையில் வைத்திருப்பார். எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருவார். இரண்டு வருடம் இப்படி நடந்தது.

2005 ஜூனில் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். தலைமைச் சிஸ்டர் ஆனந்தமேரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆனந்தமேரி எழுந்து நின்று, "எட்டு, பத்து எதுனாலும் குடுங்க சிஸ்டர். ஒண்ணாப்பு மட்டும் வேணாம்" என்றார். சிஸ்டர் போன பிறகு ஏன் என்று நான்தான் கேட்டேன்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு டீச்சர்."

மாத்திரை விஷயத்தைச் சொல்ல அவருக்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. சார்மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோபம் இல்ல. அவரு சொன்னாரு, நான் விட்டேன். துப்புனத நாந்தான தொடச்சேன். ஆனா அத வாய விட்டுச் சொல்லிட்டா அந்த மனுசன் ஒடிஞ்சு போயிருவாருன்னு பயம். அதான் இன்னைக்கு வரைக்கும் பேசல."

அந்த வருடக் கல்லறைத் திருநாளில் ஞானராஜ்தான் முதலில் பேசினார். சேவுகம்பட்டியில், அப்பா கல்லறை முன்னால், ஜெபம் முடிந்து மற்றவர்கள் நகர்ந்த பிறகு, மனைவியைப் பார்க்காமலே சொன்னார்.

"நாந்தான மேரி விடுன்னு சொன்னேன்."

ஐந்தரை வருடம் கழித்து வந்த பேச்சு அது. எதைச் சொல்கிறார் என்று ஆனந்தமேரி கேட்கவில்லை.

"நானும் விட்டேன்லங்க" என்றார்.

ஞானராஜ் பக்கத்துக் கல்லறைத் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். செத்துப் பதினைந்து வருடமான அப்பாவுக்கு இன்னமும் அழுகிறானே, எப்பேர்ப்பட்ட மகன் என்று ஒரு கிழவர் சொல்லிக்கொண்டு போனார். கணவனும் மனைவியும் அதைத் திருத்தவில்லை. பிறகு ஆனந்தமேரி பையிலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்தார். கல்லறைத் தோட்டத்து நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. வெளியூரில் அடக்கமானவர்களுக்கு அதன் அடியில்தான் ஏற்றுவார்கள். இரண்டு வருடமாக அது அவர் கண்ணில் படாமல் இல்லை. தனியாகப் போய் ஏற்றத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மூன்று பேரும் போனார்கள். காற்றடித்ததால் பிரான்சிஸ் இரண்டு கையையும் குவித்துச் சுடரைக் காத்தான்.

மா தாபோவிடமிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். மகன் தாபோ ஆங்கிலத்தில் எழுதித் தருவான். மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, நலேதியின் இடத்தைக் கூட்டிவிட்டு வந்தேன் என்று இருக்கும். 2007 ஜனவரியில் வந்த கடிதத்தில், காற்றில் வலை கிழிந்ததாகவும் புது வலை கட்டியதாகவும் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. இவர்கள் போட்டதில் இரண்டுக்குப் பதில் வரவில்லை, ஒன்று திரும்பி வந்தது. ஞானராஜ் பழைய பள்ளிக்கு ஐ.எஸ்.டி. போட்டுக் கேட்டார். எடுத்தவர் புதியவர். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது என்றார். அந்த நாட்டில் எய்ட்ஸ் நோயில் நிறையப் பேர் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனந்தமேரி அதற்குமேல் யோசிக்க மறுத்தார். மா தாபோ எங்கோ மகள் வீட்டில் இருக்கிறார் என்றே பேசுவார். வலை இருக்கிறதா, புல் மண்டிவிட்டதா என்று சொல்ல யாரும் இல்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பார்கள். நான் வேறு ஊருக்கு மாறிப்போன 2009 வரை போகவில்லை.

2008-இல், தவக்காலத்தில், கோயில் பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுத வீடு வீடாக ஆள் வந்தார்கள். இவர்கள் வீட்டுக்கு வந்தவர் சூசைமுத்து, கோயில் உபதேசியார். ஞானராஜ் பெயரையும் ஆனந்தமேரி பெயரையும் எழுதிவிட்டு, "பிள்ளைங்க?" என்று கேட்டார். ஆனந்தமேரி காபி எடுத்துக்கொண்டு வந்தவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரெண்டு" என்றார் ஞானராஜ். "பிரான்சிஸ். அடுத்தது வினோலியா. அது ரெண்டாயிரத்துல இறந்துருச்சு."

"அடக்கம் எங்க சார்?"

"செரோவே."

"அது எந்தப் பங்குல வருது, வத்தலக்குண்டுப் பக்கமா?"

"இல்ல. ஆப்பிரிக்கா. எழுதுங்க, நான் சொல்றேன்."

ஞானராஜ் எழுத்து எழுத்தாகச் சொன்னார். சூசைமுத்து பேனாவை உதறிக்கொண்டு மெதுவாக எழுதினார். எழுதியதைத் திருப்பிக் காட்டினார். சரி என்று ஞானராஜ் தலையசைத்தார். சூசைமுத்து அடுத்த பத்தியான கோயில் சடங்குகளுக்கு நகர்ந்தார்.

"பையனுக்கு உறுதிபூசுதல் ஆயிருச்சா சார்?"

"ஆயிருச்சு" என்றார் ஞானராஜ்.